கொல்லையில் 20 புகையிலைச் செடி

எங்கள் வட்டார உழவர் கூட்டத்தில் பூச்சிவிரட்டி பற்றிப் பேச்சு வந்தால், யாராவது ஒருத்தர் எழுந்து இதைக் கேட்காமல் விடமாட்டார்: "அக்கினி அஸ்திரத்துக்குப் புகையிலை எங்க வாங்குறீங்க?" வேப்பிலை, பச்சை மிளகாய், பூண்டு, கோமியம் எல்லாம் வீட்டைச் சுற்றியே கிடைத்துவிடும். புகையிலைக்கு மட்டும் கடைக்குப் போகணும். கடையில் கிடைப்பது என்ன? மெல்லுகிறவர்களுக்காகக் கருப்பட்டித் தண்ணி தெளித்துப் பாடம் பண்ணினது, இல்லையென்றால் கழிவுத் தூள். அந்த இலை வயலில் நின்றபோது எத்தனை தடவை மருந்து அடித்தார்கள் என்று விற்கிறவருக்கும் தெரியாது, வாங்குகிற நமக்கும் தெரியாது. நஞ்சில்லாத காய் விளைவிக்க நஞ்சடிச்ச இலையைக் காசு கொடுத்து வாங்குவதா என்று தோன்றித்தான் 2019இல் வீட்டுக் கொல்லையில் 20 செடி வைத்தேன். அதில் கற்றதையும் பட்டதையும் எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடணும். புகைக்கவும் மெல்லவும் புகையிலை வளர்க்கச் சொல்கிற கட்டுரை இல்லை இது. என் மாமனார் 40 வருசம் வெற்றிலையோடு புகையிலை போட்டவர். கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாக ஒரு திட்டு வந்தது. வாய்ப்புண் என்று நினைத்துத் தேங்காய்ப்பால் குடித்துக்கொண்டிருந்தார். 2011இல் வாய்ப்புற்றில் போய்ச் சேர்ந்தார். கடைசி மூன்று மாசம் கஞ்சிகூட இறங்கவில்லை. அதனால் நான் புகையிலை நாற்று விடப்போகிறேன் என்றதும் அத்தை இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே வந்து நிபந்தனை போட்டார். "போடும்மா. ஆனா காஞ்ச இலை என் பொட்டியிலதான் இருக்கணும். சாவி எங்கிட்ட. ஒத்த இலை வெளிய போகக் கூடாது."

அத்தை சொன்னால் சொன்னதுதான். அவருக்குப் புகையிலை புதிதும் இல்லை. நாங்கள் இருப்பது வேடசந்தூர்ப் பக்கம். கிணற்றுப் பாசனத்தில் மெல்லும் புகையிலை விளைந்த பூமி. புகையிலைக்கென்றே ஆராய்ச்சி நிலையம் வைக்கிற அளவுக்கு இங்கே அந்தப் பயிர் இருந்தது. வட்டக்கப்பல், ஊசிக்கப்பல் என்று ரகங்களின் பேரைச் சொன்னால் வயசானவர்களுக்கு இன்னும் முகம் மாறும். கிணற்றுத் தண்ணி கொஞ்சம் உப்பாக இருந்தாலும் மெல்லும் புகையிலை தாங்கும். எரிக்கிற புகையிலைக்குத்தான் உப்பு ஆகாது, இலை சரியாகப் பற்றாது. அத்தை பாவாடை கட்டின வயசிலேயே இலை கட்டப் போனவர். எனக்கு வாத்தியார் அவர்தான்.

"வீட்டில் வளர்க்க அனுமதி வாங்கணுமா" என்று சிலர் கேட்கிறார்கள். சிகரெட்டுக்குப் போகிற வர்ஜீனியா புகையிலைக்குத்தான் 1975ஆம் வருசச் சட்டப்படி புகையிலை வாரியத்தில் பதிவு வேண்டும். நம் நாட்டு ரகத்துக்கு அது கிடையாது.

நாற்றிலிருந்து நுனி கிள்ளுவது வரை

புகையிலை விதையைப் பார்க்காதவர்கள் பார்த்தால் மூக்குப்பொடி என்றே நினைப்பார்கள். ஒரு கிராமில் பத்தாயிரத்துக்கு மேல் விதை இருக்கும். 20 செடிக்கு ஒரு சிட்டிகையே அதிகம். ஆவணிக் கடைசியில் 3 அடிக்கு 3 அடி மேட்டுப்பாத்தி ஒன்று போட்டு, சலித்த மக்கு உரம் பரப்பி, விதையை ஒரு படி மெல்லிய மணலோடு கலந்து தூவுவேன். மேலே மண் போட்டு மூடக் கூடாது. வெளிச்சம் பட்டால்தான் நன்றாக முளைக்கும். உள்ளங்கையால் லேசாகத் தட்டிவிட்டு, வைக்கோலை மெல்லிசாகப் பரப்பிப் பூவாளியால் தண்ணி தெளிக்கணும். ஒரு வாரம் பத்து நாளில் பாசி படர்ந்த மாதிரி முளைத்துவிடும். அப்போது வைக்கோலைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கணும். புரட்டாசி மழையில் தண்ணி தேங்கினால் ஒரே ராத்திரியில் நாற்றழுகல் வந்து பாத்தியே படுத்துவிடும். முதல் வருசம் எனக்குப் பாதி நாற்று அப்படித்தான் போச்சு. அதிலிருந்து மக்கு உரத்தோடு டிரைக்கோடெர்மா விரிடி கலந்து வைக்கிறேன், நெருக்கமான நாற்றைத் தயங்காமல் பிடுங்கி எறிகிறேன்.

45, 50 நாளில் நாற்று நடவுக்கு வரும். ஐப்பசியில் ஒரு சாயங்காலம், செடிக்குச் செடி இரண்டரை அடி விட்டு நடலாம். ஆட்டு எரு இதுக்கு ரொம்பப் பிடிக்கும். அந்தக் காலத்தில் புகையிலைக் காட்டுக்கு ஆட்டுக்கிடை போடாமல் யாரும் நட்டதில்லை என்பார் அத்தை. குழிக்கு இரண்டு கை ஆட்டு எருவும், 15 நாளுக்கு ஒரு தடவை ஜீவாமிர்தமும் போதும்.

எங்கே நடுகிறோம் என்பதுதான் முக்கியம். புகையிலையும் தக்காளி, மிளகாய், கத்தரியும் ஒரே குடும்பம். புகையிலைத் தேமல் நோயை உண்டாக்கும் வைரஸ் இந்த எல்லாச் செடிக்கும் தாவும். உலகத்தில் முதன்முதலாகக் கண்டுபிடித்த வைரஸே இதுதான். காய்ந்த இலையிலும் வருசக் கணக்கில் சாகாமல் இருக்கும். அதனால் கொல்லையின் ஒரு மூலையில் புகையிலை, எதிர் மூலையில் தக்காளி என்று வைத்திருக்கிறேன். புகையிலையைத் தொட்ட கையோடு மிளகாய் நாற்றைத் தொடமாட்டேன். சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு, தண்ணி கலந்த பாலில் ஒரு தடவை கையை நனைத்துக்கொண்டு போவேன். பாலுக்கு அந்த வைரஸை முடக்குகிற குணம் உண்டு. பீடி குடித்துவிட்டும் புகையிலை போட்டுவிட்டும் நாற்று நட வருகிறவர்களுக்கும் இதே விதிதான், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. புகையிலை எடுத்த இடத்தில் அடுத்து எள்ளோ கம்போதான் போடுவேன். செடியின் வேரை ஒட்டிக்கொண்டு இலையில்லாமல் பூ மட்டும் வெளியே நீட்டுகிற புகையிலைக் காளான் என்ற ஒட்டுண்ணி தலைகாட்டினால், அது விதை கொட்டுவதற்குள் பிடுங்கிவிடணும்.

இரண்டு மாசத்தில் பூமொட்டு தெரியும். விதைக்கு ஒரு செடியை விட்டுவிட்டு மற்றதில் எல்லாம் நுனியைக் கிள்ளிவிடணும். செடிக்குப் பத்துப் பன்னிரண்டு இலை நின்றால் போதும். கிள்ளினதும் ஒவ்வொரு இலைக் கக்கத்திலிருந்தும் பக்கக் கொழுந்து கிளம்பும், அதை வாரா வாரம் ஒடிக்கணும். எதற்கு இவ்வளவு பாடு என்றால், நிக்கோட்டின் என்கிற சரக்கு உருவாவது வேரில். அங்கிருந்துதான் இலைக்கு ஏறுகிறது. நுனியைக் கிள்ளினால் செடி அதைக் கூடுதலாக உண்டாக்கும், விதைக்குப் போக வேண்டிய சத்தும் இலையிலேயே தங்கும். கிள்ளாத செடியின் இலை காகிதம் மாதிரி மெல்லிசாக இருக்கும், கிள்ளினது தோல் மாதிரி தடிக்கும்.

ஒரு வேடிக்கை. பூச்சியை விரட்ட வளர்க்கிற இந்தச் செடியையே தின்கிற புழு ஒன்று உண்டு, புரோடீனியா. புகையிலைப் புழு என்றே அதுக்குப் பேர். புகையிலையைத் தின்று கொழுக்கிற புழுவுக்குப் புகையிலைத் தண்ணி அடித்தால் என்ன ஆகும்? நிலக்கடலையில் வந்த புரோடீனியாவுக்கு இரண்டு தடவை அக்கினி அஸ்திரம் அடித்துப் பார்த்துவிட்டு "இயற்கை மருந்து வேலை செய்யல" என்று என்னிடம் வருத்தப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அதற்கு ஆமணக்குத்தான் வழி. ஓரத்தில் நாலு ஆமணக்கு நட்டால் தாய் அந்துப்பூச்சி அங்கே போய் முட்டையைக் குவியலாக வைக்கும். இலையோடு கிள்ளி நசுக்கிவிடலாம்.

பனியில் ஒடித்த இலை

மாசி பிறந்ததும் இலை முற்றும். மேற்பரப்பு சுருங்கித் தடித்து, பச்சைக்கு நடுவே மஞ்சள் திட்டு விழும். மடக்கினால் படக்கென்று ஒடியும். முதல் வருசம் அந்தப் பதம் வந்தபோது எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் நானும் மகளும் போய் ஒடித்தோம். அவள் அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். "பனி காயட்டும், வெயில் ஏறினப்புறம் ஒடிங்க" என்று அத்தை முந்தின நாளே சொன்னார். இலைக்காகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். வெயிலில் வேலை செய்ய முடியாதே என்று ஆறு மணிக்கே இறங்கிவிட்டோம். நான் ஒடித்துக் கொடுக்க, அவள் ஈர இலையை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு போனாள். சட்டையெல்லாம் நனைந்துவிட்டது.

எட்டரை மணிக்கு அவளுக்குத் தலை சுற்றியது. பிறகு வாந்தி. கை கால் சில்லிட்டு, நெற்றி முழுக்க வேர்வை. காலையில் சாப்பிட்ட பழைய சோறு ஒத்துக்கொள்ளவில்லை என்றே நான் நினைத்தேன். அத்தை வந்து பார்த்தார். அவள் சட்டையை மோந்தார். "புகையில ஏறியிருக்கு. முதல்ல துணியக் கழட்டி ஊத்திவிடு" என்றார். குளிப்பாட்டி வேறு துணி உடுத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சாயங்காலம் வரைக்கும் வாந்தி நிற்கவில்லை, குளுக்கோஸ் ஏற்றினார்கள். மறுநாள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் அன்றைக்கு முழுக்கத் தலைவலி.

நிக்கோட்டின் தண்ணியில் கரையும், தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். பனியோ மழையோ வேர்வையோ பட்ட இலையைத் தொட்டால் அது நேராக ரத்தத்தில் ஏறுகிறது. புகையிலை விளைகிற நாடுகளில் எல்லாம் இலை பறிக்கிறவர்களுக்கு வருகிற நோய் இது. நம் குஜராத் வயல்களிலும் கண்டு எழுதியிருக்கிறார்கள். சின்ன உடம்புக்குப் பாதிப்பு ஜாஸ்தி. அத்தை தன் சின்ன வயசில் இலை கட்டப் போன இடத்தில் வாந்தி எடுத்தது எத்தனை தடவை என்று அன்றைக்குத்தான் சொன்னார். "புதுசா வர்ற புள்ளைகளுக்கு அப்படித்தான் இருக்கும், பழகிரும்பாங்க." அவ்வளவுதான் அன்றைக்கு மருத்துவம்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் பத்து மணிக்கு முன்னால் புகையிலையைத் தொடுவதில்லை. ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை, இடுப்பில் ஒரு பிளாஸ்டிக் சாக்கு. முடித்ததும் குளியல். அந்தத் துணி தனியாகத் துவைக்கிற துணி. பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் அந்த மூலைப் பக்கமே வரக் கூடாது. ஆடு மாடும்தான். தாளைத் தின்றால் அதுகளுக்கும் விஷம், சினை ஆட்டின் வயிற்றுக் குட்டியையே கெடுக்கும்.

பாடம் பண்ணுவது

ஒடித்த இலை உடனே சாகாது. சில நாளைக்கு உயிர் இருக்கும். அந்த நாளில்தான் பச்சை போய் மஞ்சளாகிறது, மாவு சர்க்கரையாகிறது. பிறகு மெதுவாகப் பழுப்பு ஏறும். சுள்ளென்ற வெயிலில் முதல் நாளே காயப்போட்டால் இலை பச்சையாகவே வறண்டு நொறுங்கும். ஈரம் போக வழியில்லாமல் குவித்து வைத்தால் பூசணம் பிடித்து அழுகும். இந்த இரண்டுக்கும் நடுவே இலையைக் கொண்டுபோவதுதான் பாடம்.

மெல்லுகிற புகையிலைக்கு அந்தக் காலத்தில் பண்ணினதை அத்தை விவரமாகச் சொல்வார். செடியை அடியோடு வெட்டி ஒரு ராத்திரி காட்டிலேயே வாடவிடுவார்கள். பிறகு கம்புக் கொடியில் தலைகீழாகத் தொங்கவிட்டு, காய்ந்ததும் அம்பாரமாக அடுக்கி, மேலே பாரம் வைப்பார்கள். உள்ளே சூடு ஏறும். கையை விட்டுப் பார்த்துச் சூடு தாங்காத நேரத்தில் பிரித்து, மேல் இலையை உள்ளேயும் உள் இலையை மேலேயும் மாற்றி அடுக்குவார்கள். இப்படிப் பல தடவை. கடைசியில் கருப்பட்டித் தண்ணி தெளித்துக் கட்டுக் கட்டுவது. முழுசாக முடிய மாசக் கணக்காகும். இதெல்லாம் ருசிக்கும் வாசனைக்கும் காரலைக் குறைப்பதற்கும். நமக்கு அதில் ஒன்றும் தேவையில்லை. அம்பாரம் போட்டுப் புழுங்கவைத்தால் நிக்கோட்டினும் கொஞ்சம் குறைந்துதான் போகும். இதைப் புரிந்துகொள்ளாமல் இரண்டாம் வருசம் நான் கருப்பட்டி வரைக்கும் வாங்கி வைத்தேன். அத்தை சிரித்தார். "அசுவினிக்கு இனிப்பு எதுக்கு?"

நாங்கள் செய்வது இதுதான். வாடின இலைகளைக் காம்புப் பக்கம் ஊசியால் கோத்து, இலைக்கு இலை ஒரு விரல் இடைவெளி விட்டு, மாட்டுக் கொட்டகைக்குத் தள்ளி இருக்கிற கூரைத் தாழ்வாரத்தில் தோரணமாகக் கட்டிவிடுவோம். காற்று ஓடணும், வெயில் நேராகப் படக் கூடாது. ஒரு வாரத்தில் மஞ்சள், மூன்று நாலு வாரத்தில் பழுப்பு. இலை காய்ந்துவிட்டதே என்று அவசரப்படக் கூடாது. நடு நரம்பைப் பிடித்து வளைத்தால் சட்டென்று முறியணும். வளைந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, அப்படியே பெட்டியில் போட்டால் பூசணம் நிச்சயம். எடுத்து வைக்கிற நேரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. மத்தியானம் தொட்டால் தூளாகி மூக்கில் ஏறும். விடிகாலையில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கொஞ்சம் இளகியிருக்கும், அப்போது கையுறை போட்டு, மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு மடக்கிக் கட்டணும். 20 செடியில் எனக்கு இரண்டு கிலோ, இரண்டேகால் கிலோ கிடைக்கிறது. தகரப் பெட்டிக்குள் போகும். சாவி அத்தையின் இடுப்பில்.

அவரைப் பந்தலில் நடந்தது

சுபாஷ் பாலேக்கர் பரவலாக்கிய அக்கினி அஸ்திரத்தின் பக்குவம் பெரும்பாலும் எல்லோருக்கும் தெரியும். 10 லிட்டர் கோமியத்தில் வேப்பிலை, மிளகாய், பூண்டு விழுதோடு புகையிலையும் போட்டு, நாலைந்து தடவை பொங்கவிட்டு இறக்கி, இரண்டு நாள் கழித்து வடிகட்டுவது. 100 லிட்டர் தண்ணிக்கு இரண்டு மூன்று லிட்டர். பலரும் அரைக் கிலோ, ஒரு கிலோ புகையிலை என்று போடுகிறார்கள். வீட்டில் பாடம் பண்ணின இலைக்கு 250 கிராமே எனக்குப் போதுமாக இருக்கிறது. அடுப்பை வெட்டவெளியில் வைத்து, காற்று வருகிற பக்கம் நின்றுகொள்ளுங்கள். அந்த ஆவியும் விஷம்தான். அந்தப் பானை வேறு எதற்கும் ஆகாது.

2021 தை மாசம் அவரைப் பந்தலில் அசுவினி அப்பியிருந்தது. பூவும் இருந்தது. கையில் சொந்தப் புகையிலை இருக்கிற தெம்பில் பந்தல் முழுக்க அடித்தேன். மறுநாள் அசுவினி உதிர்ந்து கிடந்தது. சந்தோசமாகக் குனிந்து பார்த்தால் அதோடு பொறிவண்டுகளும், அதன் புழுக்களும், நாலைந்து தேனீயும் கிடந்தன. இரண்டு வாரத்தில் அசுவினி மறுபடியும் வந்தது, முன்னைவிட அதிகமாக. தின்பதற்குப் பொறிவண்டு இல்லை. பூவும் சரியாகக் காய் பிடிக்கவில்லை.

நாம் மேடையில் திட்டுகிற இமிடாகுளோப்ரிட் இருக்கிறதே, அது நியோநிக்கோட்டினாய்டு வகை. புது நிக்கோட்டின் என்றுதான் அர்த்தம். பூச்சியின் நரம்பில் நிக்கோட்டின் எந்த இடத்தில் போய் ஒட்டுகிறதோ அதே இடத்தில்தான் அதுவும் ஒட்டுகிறது. தேனீக்களுக்கு ஆபத்து என்று அந்த வகையில் மூன்று மருந்துகளை வெட்டவெளிப் பயிருக்கு அடிக்கக் கூடாதென்று ஐரோப்பாவில் 2018இல் தடுத்தார்கள். புகையிலைக் கரைசல் அதுக்குப் பாட்டி முறை. வெயிலில் சீக்கிரம் சிதைந்துவிடும், மண்ணில் வருசக் கணக்கில் தங்காது, அதுதான் வித்தியாசம். அடிக்கிற அன்றைக்கு அதுவும் கொல்லத்தான் செய்கிறது. இயற்கையில் விளைந்தது என்பதற்காகப் பூச்சிவிரட்டி என்று பேர் வைத்துக்கொண்டால் பொறிவண்டு பிழைத்துக்கொள்ளாது.

அதனால் என் வரிசை இப்போது மாறிவிட்டது. முதலில் தண்ணியைப் பீச்சி அடிப்பது. கேட்காவிட்டால் வேப்பங்கொட்டைக் கரைசல், ஐந்திலைக் கரைசல். அதற்கும் அடங்காமல் செடியே போய்விடும் என்றால் மட்டும் புகையிலை, அதுவும் பூ வருவதற்கு முன்னால், சாயங்காலத்தில், பாதித்த செடிக்கு மட்டும். கீரைக்கு எக்காலமும் இல்லை. தக்காளி, மிளகாய்க்கும் அடிப்பதில்லை, தேமல் பயம். ஒருவேளை காய் இருக்கிற செடிக்கு அடித்துவிட்டால் 15 நாள் அந்தச் செடியில் கை வைப்பதில்லை. கிணறு, குளம், மீன் இருக்கிற தண்ணி பக்கம் கழுவி ஊற்றுவதும் இல்லை. சான்றிதழ் வாங்கியிருக்கிற நண்பர்கள் அடிப்பதற்கு முன்னால் சான்று தருபவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் இயற்கை வேளாண் விதியில் புகையிலைத் தூள் தடைசெய்த பட்டியலில் இருக்கிறது. ஏற்றுமதிக் கட்டு திரும்பி வந்த பிறகு வருந்திப் பயனில்லை.

இந்த வரிசைக்கு வந்த பிறகு வருசத்துக்கு அரைக் கிலோகூடச் செலவாவதில்லை. போன வருசம் 20 செடி எட்டாகிவிட்டது. பழைய இலை இன்னும் பெட்டியில் இருப்பதால் இந்த ஐப்பசியில் ஐந்துதான் நடப்போகிறேன், அதில் ஒன்று விதைக்கு. பூத்ததும் அந்தச் செடியின் தலைக்கு மெல்லிய துணிப்பை ஒன்று கட்டிவிட்டால் கலப்பு ஆகாது. காய் பழுப்பானதும் வெட்டி, காகிதத்தின் மேல் தட்டி எடுத்துக் காய்ந்த புட்டியில் வைத்தால் சில வருசம் முளைக்கும்.

விதை வேண்டும் என்பவர்கள் ஆடி மாசம் நேரில் வாங்க, ஒரு சிட்டிகை தருகிறேன். அத்தை திண்ணையில்தான் உட்கார்ந்திருப்பார். உங்கள் வீட்டில் யாராவது வெற்றிலை போடுகிறார்களா என்று கேட்பார். போடுகிறவர் இருந்தால் பொய் சொல்லாதீர்கள், வாயைத் திறந்து காட்டச் சொல்வார்.